கட்டிங் மாஸ்டர் கட்டிய கோழிக்கூண்டு

எங்கள் அப்பா கோழிக்கு அளவெடுத்த மனிதர். கேலிக்குச் சொல்லவில்லை. அம்மா கோழியின் இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, தன் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து நெஞ்சுச் சுற்றளவு, முதுகு நீளம், நின்றால் எவ்வளவு உயரம், கொண்டையோடு எவ்வளவு என்று வரிசையாக அளந்தார். கோழி அவர் முழங்கையில் எச்சம் போட்டது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் என்றால் ஒரு கெத்து உண்டு. நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, மெஷினை விட்டு மொத்தமாக வெட்டும் இடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு கோடு தப்பினால் ஒரு ஆர்டரே போய்விடும். அதனால் முதலாளிகூட அவரிடம் குரலைத் தணித்துத்தான் பேசுவார். அந்தக் கெத்தை அப்பா சாயங்காலம் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சட்டையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டு வருவாரே தவிர, கெத்தைத் தட்டிவிட்டு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

அம்மா வேறொரு கம்பெனியில் பிசிறு வெட்டினாள். தைத்து முடித்த பனியனில் அங்கங்கே தொங்குகிற நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளுவதுதான் பிசிறு வெட்டுவது. கம்பெனியில் இதற்குக் கீழே வேலை கிடையாது, கூட்டிப் பெருக்குவதைத் தவிர. குவியல் குவியலாகப் பனியன் வரும். ஒவ்வொன்றையும் உதறி, திருப்பி, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உதறும்போதெல்லாம் பறக்கிற பஞ்சு மூக்குக்குள்தான் போகும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா இருமிக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய சமயத்தில் அவளால் படுத்துத் தூங்க முடியாமல் போயிற்று. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், "மருந்து தர்றேன், ஆனா மருந்து மட்டும் போதாதும்மா. அந்தத் தூசிய விட்டு வெளிய வந்துருங்க. இல்லைன்னா அப்புறம் வீட்டு வாசப்படி ஏறவே கஷ்டப்படுவீங்க" என்றார்.

வெளியே வருவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நான் ஒரு ஏற்றுமதி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போனாலும் என் சம்பளத்தில் சமையல் தாராளமாக நடந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் மகள் சம்பளத்தைத் தொடக்கூடாது. அது அப்பா போட்ட சட்டம். எங்கள் சாதி சனத்தில் பல வீடுகளில் இந்தச் சட்டம் உண்டு. மகள் சம்பாதிப்பது மகளுக்கு நகையாக வேண்டும். அடுப்புக்குப் போனால் கேவலம். "மக சம்பளத்துல ஒலை வெக்கறதுக்கு நானென்ன செத்தா போயிட்டேன்?" என்பார். மனைவி மூச்சிரைக்கச் சம்பாதித்து வந்து உலை வைத்தால் மட்டும் அவருக்குக் கேவலமாக இருந்ததில்லை. என் சம்பளம் மாதாமாதம் வளையலும் சங்கிலியுமாக மாறி பீரோவுக்குள் போய்க்கொண்டிருந்தது. பீரோவை ஒட்டிய சுவரில்தான் அம்மா சாய்ந்து உட்கார்ந்து தூங்கினாள்.

கோழி வளர்க்கிற யோசனை அம்மாவுடையது. அவள் மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பொங்கலூர் ரோட்டை ஒட்டி நாங்கள் வீடு கட்டிய இடத்தில், பின்பக்கம் கொஞ்சம் காலியாகக் கிடந்தது. நாட்டுக்கோழி முட்டைக்குச் சுற்றிலும் கிராக்கி. பிள்ளை பெற்றவர்கள், குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்கள் எல்லோரும் தேடி அலைவார்கள். "அடுப்புச் செலவுக்குக் கோழி குடுத்துருமுங்க. நான் ஊட்டோட இருந்துக்கறேன்" என்று அப்பாவிடம் கேட்டாள். மகள் காசு இல்லை, அவள் காசு. ஆகையால் அப்பாவின் சட்டத்துக்குப் பங்கமில்லை. சரி என்றார். கம்பெனி சூப்பர்வைசரும் நல்ல மாதிரி. "கொஞ்ச நாளைக்கு உங்க எடத்துக்கு ஆள் போடாமப் பாக்கறனுங்க்கா. தேறலைன்னா வந்துருங்க" என்று அனுப்பிவைத்தார்.

அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்க் கோழிகளோடு வந்தாள். காலைக் கட்டிப் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்த பெட்டைக் கோழிகள் ஐந்தும் ஒரு சேவலும். என் மாமன், தங்கச்சிக்குக் கோழியை மட்டும் தரக்கூடாது என்று ஒரு படி கம்பையும் மடியில் கட்டி அனுப்பியிருந்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. காலை அவிழ்த்துவிட்டதும் கோழிகள் கொஞ்சம் தடுமாறி நின்றுவிட்டு மண்ணைக் கிளற ஆரம்பித்தன. அம்மா வெறுமனே பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதம். அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. சும்மா இருந்தால் கை அரிக்குமே, கூண்டு கட்டுவது தன் பொறுப்பு என்று இறங்கிவிட்டார். துணி வெட்டுவதற்குமுன் பேப்பரில் பேட்டர்ன் வெட்டுவார்கள் அல்லவா, அதேபோல் கம்பெனியிலிருந்து பழுப்புப் பேப்பர் கொண்டுவந்து நடுவீட்டில் விரித்துக் கோழிக்கூண்டுக்குப் பேட்டர்ன் வெட்டினார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, கூரை. சட்டைக் கைக்குப் பதிலாகக் கதவு. சட்டையில் தையலுக்குள் மடிவதற்கு ஒதுக்கும் அரை இஞ்சைப் பலகைக்கும் ஒதுக்கினார். விளைவு, ஒரு பலகையும் இன்னொன்றோடு சேரவில்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. பெட்டைக் கோழிக்கு எடுத்த அளவில் கதவு வைத்ததால் சேவல் உள்ளே போக முடியாமல் தலையை மட்டும் விட்டுக்கொண்டு நின்றது. "அது எக்ஸ்ட்ரா லார்ஜ்" என்று நான் சொன்னதற்கு முறைத்தார். பிறகு கதவை மட்டும் அகலப்படுத்தினார்.

ஆனாலும் சொல்ல வேண்டும், பார்வைக்குக் கூண்டு அம்சமாக வந்தது. பழைய துணி ஸ்டாண்டின் இரும்புக் குழாயில் கால்கள். கீரி நுழையாதபடி சுற்றிலும் கம்பி வலை. மேலே தகரம், வெயில் இறங்காமல் அதன்மேல் தென்னங்கீற்று. முட்டையிட ஆளுக்கொரு அறை. பக்கத்து வீட்டில் தெற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு டெய்லர் குடும்பம் இருந்தது. அந்த அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இது கோழிக்கூடா, கோயிலா? கும்பிட்டுட்டுதான் போணும் போலுக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்.

தகராறு, கீழே எதை விரிப்பது என்பதில் ஆரம்பித்தது. அம்மா பொங்கலூரில் ஒரு நார் மில்லில் சொல்லித் தேங்காய் நார்த்தூள் மூட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அப்பா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இத்தனை சோக்காக் கூண்டு கட்டி, அதுக்குள்ள தூளைக் கொட்டறதா? கம்பெனில வேஸ்ட்டு மூட்டை மூட்டையாக் கெடக்குது."

வேஸ்ட் என்றால் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணி. எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. தலையணைக்குள் அதுதான். பைக் துடைக்க, அடுப்புப் பற்றவைக்க, ஜன்னல் சந்துகளை அடைக்க அதுதான். பிறந்த குழந்தைக்குக் கீழே மடித்துப் போடுவதும் அதுதான். மெத்துமெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுக்கும், சும்மா கிடைக்கும். மனிதனுக்கு ஆகிற ஒன்று கோழிக்கு ஆகாது என்று வேறு ஊர்க்காரனுக்குத் தோன்றலாம். திருப்பூர்க்காரனுக்குத் தோன்றாது.

அம்மாவுக்குத் தோன்றியது. "ஏனுங்க, அதுல நூலும் நுனியுமாத் தொங்குமுங்க. கோழி தின்னு போடுமுங்க" என்றாள்.

அப்பா சிரித்தார். "புழுவுக்கும் நூலுக்கும் கோழிக்கு வித்தியாசம் தெரியாதா? நீ பிசிறு வெட்டறவ. உனக்குப் பாக்கறதெல்லாம் பிசிறாத் தெரியுது."

நார்த்தூள் மூட்டை கூண்டுக்குப் பின்னால் மழையில் நனைந்து வீணானது. அப்பா கொண்டுவந்த வேஸ்ட்டைக் கூண்டுக்குள் போடுவதற்குமுன், அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து ஓரத்தில் தொங்கிய நூலையெல்லாம் கத்தரித்துக் கத்தரித்து ஒதுக்கினாள். கோழி மெத்தைக்குப் பிசிறு வெட்டிய பெண்பிள்ளை உலகத்திலேயே எங்கள் அம்மா ஒருத்திதான் இருப்பாள். எதை விட்டு ஓடிவந்தாளோ அதே வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டில் செய்தாள். அவர் முகம் கோணக்கூடாது, கோழியும் சாகக்கூடாது. இரண்டையும் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அப்படியும் அந்த மாதங்கள் நல்ல மாதங்கள் என்றுதான் சொல்வேன். கோழிகள் முட்டையிட்டன. ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. பழைய சட்டியில் சாணியும் ஓலையும் போட்டுக் கவிழ்த்துவைத்துக் கறையான் பிடித்து, குஞ்சுகளுக்குக் கொட்டுவாள் அம்மா. அவை விழுந்தடித்துப் பொறுக்குவதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். முட்டைக்கு ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். பக்கத்து லைன் வீடுகளில் இருந்த வடநாட்டுப் பையன்கள் "அம்மா, அண்டா" என்று வாசலில் வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் அவள் சட்டி பானையைத் தூக்கிக் காட்டி, எதற்குள் போட்டுத் தருவது என்று கேட்பாள். அண்டா என்றால் அவர்கள் பாஷையில் முட்டை என்று தெரிந்ததும் அவளே "எத்தன அண்டா சாமி?" என்று கேட்கத் தொடங்கினாள். அடுப்புச் செலவு நடந்தது. பெரிதாக இல்லை, ஆனால் நடந்தது.

ஒருநாள் மத்தியானம் ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். அம்மா பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சில் சத்தமே இல்லை. நான் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது. எத்தனையோ வருஷம் கழித்து அவள் மனிதரைப்போலப் படுத்துத் தூங்குகிறாள் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போடாமல் எழுந்து போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன்.

பிறகு ஆர்டர் வந்தது. கம்பெனியில் வேலை குவிந்தது, அப்பா பழையபடி நிமிர்ந்து நடந்தார். அந்த முறை வந்தது லைக்ரா துணி. உடம்போடு இறுக்கிப் பிடிக்கிற, இழுத்தால் நீளுகிற ரகம். கருநீலமும் ரோஸும் கலந்த கோடு போட்டது. அம்மா மூலனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, அப்பா வேஸ்ட் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, பழையதை வழித்தெறிந்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு லைக்ரா வேஸ்ட்டை நிரப்பிவைத்தார். ஆசையாகத்தான் செய்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த அம்மா கத்தரியைத் தேடியபோது, "ஒவ்வொண்ணா வெட்டிட்டு உக்காந்திருக்காத புள்ள. ஒடம்பு என்னத்துக்காகும்?" என்று கத்தரியைப் பிடுங்கி ஜன்னலில் வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த பிரியம் அது. அந்தப் பிரியம்தான் எங்களைக் கெடுத்தது.

சாதாரணப் பருத்தி நூல் சும்மா கிடக்கும். லைக்ரா நூல் அப்படிக் கிடக்காது. ஒரு கோழி காலில் மாட்டி இழுத்துவிட்டால் சுருண்டு நெளியும், அம்மா கொட்டுகிற கறையானைப் போலவும் மண்புழுவைப் போலவும். கோழி எதைக் கொத்தும், எதை விடும்?

முதலில் குஞ்சுகள் போயின. நூல் காலில் சுற்றி இறுகி, கால் வீங்கி, நொண்டி நொண்டி விழுந்தன. அம்மா ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டு மஞ்சள் வைப்பாள். சிலது பிழைத்தது. அதன்பிறகு பெரிய கோழிகள் தீனி எடுக்காமல் மூலையில் குறுகி நின்றன. ஒருநாள் நிற்கும், மறுநாள் விழும். அப்பா வெள்ளைக் கழிச்சல் நோய் என்றார். மருந்து வாங்கிவந்து ஊற்றினார். கேட்கவில்லை. உடனே, கண் பட்டுவிட்டது என்றார். யார் கண்? கோயில் மாதிரி இருக்கிறது என்று சொன்னாளே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் கண். கூண்டில் பழைய செருப்பைக் கட்டினார், பூசணிக்காயில் மூஞ்சி எழுதி மாட்டினார், வேலியில் சாக்கைத் தொங்கவிட்டு அந்தப் பக்கத்தையே மறைத்தார். அந்த அம்மா பேறுகாலத்துக்கு வந்திருந்த தன் மகளுக்கு முட்டை கேட்டு வந்தபோது, "இல்லீங்க" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லி அனுப்பினார். அவள் முகம் சுண்டிப்போனது. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எங்களிடம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் செய்தார். சுத்தம் போதவில்லை என்று சொல்லி, ஒவ்வொரு கோழி சாகும்போதும் மெத்தையைப் புதிதாக மாற்றினார். எதை வைத்து? அதே லைக்ரா வேஸ்ட்டை வைத்து. நானும் அம்மாவும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாவுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கும். கையில் அத்தாட்சி இல்லாமல் கட்டிங் மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது?

அத்தாட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. நல்ல செவலைக் கோழி ஒன்று, முட்டையில் குறை வைக்காதது, கழுத்தடியில் தீனிப்பை கல் மாதிரி இறுகிப் புடைக்க நின்றுகொண்டிருந்தது. இது தேறாது என்று தெரிந்ததும், தானாகச் சாவதற்குமுன் அறுத்துவிடலாம் என்று அம்மா எடுத்தாள். நான் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்தேன். தீனிப்பையைக் கீறியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே தானியம் இல்லை. கருநீலமும் ரோஸுமாக நூல் உருண்டு திரண்டு, ஒரு எலுமிச்சங்காய் அளவுக்குப் பந்தாகக் கிடந்தது. அம்மா அதை விரலால் பிடித்து இழுத்தாள். நீண்டது. விட்டாள், சுருங்கியது.

தண்ணீரில் அலசி, ஒரு தட்டில் வைத்து, உள்ளே கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். அப்பா பார்த்தார். அந்த நீலத்தையும் ரோஸையும் மாதக்கணக்கில் வெட்டிய கை அவருடையது. துணியைத் தொட்டே எந்த மில் என்று சொல்கிறவர். கண்ணில் தெரிந்துவிட்டது, அவருக்குப் புரிந்துவிட்டதென்று. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நூலு கெடக்காத எடம் இந்த ஊர்ல எங்க இருக்குது? ரோட்டுல, சாக்கடைல எங்கயாச்சும் பொறுக்கித் தின்னிருக்கும். கோழிய அவுத்து உட்டு மேய உட்டது நீதான்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குத்தான் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏனுங்கப்பா, நம்ம வேஸ்ட்டுதானுங்க கொன்னிருக்குது. உங்க கலருதானுங்க அது. கண்ணு தெரியலீங்களா?" என்று கத்தினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்தார். அன்றைக்கு முழுக்கச் சோறு தொடவில்லை. அம்மா என்னிடம் வந்து, "அப்பன எதுத்துப் பேசற வாயா அது? பெத்த மனுசன் பட்டினி கெடக்குது பாரு" என்று திட்டினாள். நான் அவளுக்காகப் பேசினேன், திட்டும் அவளிடமே வாங்கினேன். எனக்கு அம்மாமேல்கூட அன்றைக்கு வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை நாங்கள் எழுந்து பார்த்தபோது கூண்டுத் தரை காலியாகத் துடைக்கப்பட்டிருந்தது. வேஸ்ட் முழுவதையும் அப்பா பின்பக்கம் குவித்துத் தீ வைத்திருந்தார். லைக்ரா எரிந்தால் துணி மாதிரி எரியாது. உருகிச் சொட்டும், கரும்புகை கிளம்பும். புகை நேராக வீட்டுக்குள் வந்தது. அம்மா சமையலறையில் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். தப்பு என்று ஒருவார்த்தை சொல்லியிருந்தால் போதும், எரிக்கத் தேவையே இருந்திருக்காது. அவரால் எரிக்க முடிந்தது, சொல்ல முடியவில்லை.

அதற்குள் சேவலும் ஒரு கிழட்டுப் பெட்டையும்தான் மிஞ்சியிருந்தன. அந்த வாரம் சூப்பர்வைசர் போன் செய்தார். சீசன் வந்துவிட்டது, இனிமேலும் இடத்தைக் காலியாக வைக்க முடியாது, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். "போவாண்டாம்மா. என் சம்பளம் இருக்குது. நகை இருக்குது, அதையும் எடுத்துக்கலாம். மாமாகிட்டச் சொல்லி மறுபடி கோழி கொண்டாரலாம், நார்த்தூள் போட்டு வளக்கலாம்" என்றேன்.

நார்த்தூள் என்று சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது. அப்பா முகம் இறுகிவிட்டது. நார்த்தூள் போட்டு ஒரு கோழி பிழைத்தாலும் அவர் தோற்றதாகிவிடும். மகள் சம்பளத்தில் உலை கொதித்தாலும் தோற்றதாகிவிடும். அந்த நேரத்தில் அம்மா என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் இன்றுவரை பொறுக்கவில்லை. இந்த மனுசன் தலை குனியாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்திருக்கிறாள்.

"எனக்குத்தானுங்க கோழி ராசியில்லை" என்றாள் அப்பாவிடம். "நான் கம்பெனிக்கே போயிக்கறேன்."

அப்பாவின் தோள் இறங்கியது. மூச்சு விட்டார். "செரி, சீசன் முடியற வரைக்கும் போயிட்டு வா" என்றார், ஏதோ இவர் பெரிய மனது பண்ணி விடுகிறமாதிரி. மறுநாள் அம்மா சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள்.

சீசன் முடிந்தது, அடுத்த சீசன் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் ஓய்ந்தேன். எனக்குக் கல்யாணம் நடந்தது. மகள் சம்பளத்தில் கை வைக்காத தகப்பன் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவுக்கு நல்ல பேர். அந்த நகையைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தேன். கீழே முதல் வரிசையில் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கெட்டிமேளச் சத்தத்தில் இருமலை மறைத்து மறைத்து இருமிக்கொண்டிருந்தாள். கழற்றி எறிந்துவிட்டுக் கீழே இறங்கிப் போகலாமா என்று இருந்தது.

போன வருஷம் கம்பெனியிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் இனிமேல் பழையபடி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா இப்போது வீட்டோடுதான் இருக்கிறாள். அவள் அன்றைக்குக் கேட்டது இதைத்தான். முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் காற்று தருகிற மெஷின், மூக்கில் குழாய். படுக்க முடியாது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது.

போன மாதம் என் மாமியாரும் கொழுந்தனார் குடும்பமும் அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். காப்பி கொடுத்தேன். மாமியார் சும்மா பேச்சுக்கு, "வேலைக்கெல்லாம் போறதில்லைங்களா இப்ப?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"நாந்தானுங்க நிறுத்திப்போட்டேன். பொம்பளய வேலைக்கு அனுப்பித் திங்கறது எனக்குப் புடிக்காதுங்க. ஊட்டோட ராணியாட்ட இருன்னுட்டனுங்க."

மாமியார் மெச்சிக்கொண்டு தலையாட்டினார். கொழுந்தனார், தன் மனைவியைப் பார்த்து, கேட்டுக்கோ என்பதுபோலச் சிரித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லேன் அம்மா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவளுக்கு அது கேட்டது என்றுதான் நினைக்கிறேன், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலிக் கையை அழுத்திப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, எங்கிருந்தோ கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.